தொண்டையில் இரு விரல்

செவ்வாய் மாலை ஆறு மணி, கிரிம்ஸ்பி.
நூலக மாடியில் ஹீட்டர் இருமுகிறது.
ஏழு பேர், மீன் ஆலையில் முதல் ஷிப்டு முடித்து வந்தவர்கள்.
எத்தனை முறை சோப்புப் போட்டாலும்
ஹாடாக் வாசனை காகிதத்தில் ஏறிவிடுகிறது;
வீட்டுப்பாடம் திருத்தும் இரவுகளில்
என் பூனை மடியைவிட்டு இறங்குவதில்லை.

பகலெல்லாம் எண்ணுகிறவர்கள் இவர்கள்.
மணிக்கு நாற்பது பெட்டி, பெட்டிக்குப் பன்னிரண்டு மீன்,
கழிவறைக்கு ஏழு நிமிடம்.
இவர்களிடம்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது
சில சொற்களை எண்ணக் கூடாதென்று.

பலகையை நடுவே கோடிட்டுப் பிரித்தேன்.
இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் வினை.
அட்வைஸ்: அறிவுரை. பன்மை கிடையாது.
ஊரே கூடி நின்று சொன்னாலும் ஒருமைதான்.
"என் மாமியாரை உங்களுக்குத் தெரியாது," என்றாள் ஷிலான்.

பொறுமை என்று எழுதி
வலப்பக்கத்தைக் காலியாக விட்டேன்.
ஆங்கிலத்தில் அந்த வேரிலிருந்து வினை முளைக்கவில்லை.
தெஸ்ஃபலெம் தலையாட்டினான்.
உள்துறைக் கடிதம் ஒன்றுக்காக
நான்கு வருடமாய் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான்,
செய்வதற்குச் சொல் இல்லாமல்.

பிறகு எனக்குப் பிடித்த இடம்.
பிலீஃப் பெயர், பிலீவ் வினை.
ப்ரூஃப் பெயர், ப்ரூவ் வினை.
உதடும் பல்லும் இருந்த இடத்திலேயே இருக்கும்.
தொண்டையில் இரு விரல் வையுங்கள்.
பெயருக்கு வெறும் காற்று,
வினைக்குத்தான் உள்ளே அதிரும்.
ஏழு பேரும் தம் கழுத்தைத் தாமே பிடித்தபடி
ஃப், வ், ஃப், வ்.
கீழே நூலகர் யாருக்கோ டயர் பஞ்சர் என்று நினைத்திருப்பார்.

டாங்குவாலேயின் முறை.
அவள் தாளில் க்ரீஃப் என்ற சொல்லின் வாலில் ஓர் எஸ்.
எனக்கு மூன்று துக்கங்கள் என்று எழுதியிருந்தாள்.
சிவப்புப் பேனாவால் எஸ்ஸை வட்டமிட்டேன்.
துக்கம் எண்ணமுடியாதது.

"முடியும்," என்றாள். கோபமில்லை,
சூப்பர்வைசரிடம் பெட்டிக் கணக்கு ஒப்பிக்கும் குரல்.
"ஒன்று ஆற்றில். ஒன்று ஆஸ்பத்திரியில்.
ஒன்று உயிரோடு, கிளைப்பெடாவில், போனை எடுப்பதில்லை.
ஒன்றோடு ஒன்று ஒட்டாது."

முன்னால் துண்டு என்று சேர்க்கலாம்,
ஒரு துண்டு செய்தி, ஒரு துண்டு அறிவுரை,
சொல்லிக்கொண்டே வந்தவள் அங்கே நின்றுவிட்டேன்.
அவள் தன் கையைப் பார்த்தாள்,
நாளெல்லாம் துண்டு போடுகிற கை.
"முள் எடுத்தா, எடுக்காமலா?" என்றாள்.

பிறகு விரலைத் தொண்டையில் வைத்தாள்.
க்ரீஃப். காற்று.
க்ரீவ்.
அந்த வ் முடியவில்லை.
ஹீட்டர் இருமி ஓய்ந்த பின்னும் இருந்தது.
எங்கள் விரல்களும் எங்கள் கழுத்திலேயே,
எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

பூட்டும் முன் கீழே இறங்கித்
தடித்த அகராதியைப் புரட்டினேன்.
ஆறாவது பொருளில் அந்த எஸ் இருந்தது,
அருகிய வழக்கு என்று சாய்வெழுத்தில்.
தாள் என் பையில். வட்டமோ அழியாத மை.

பஸ் நிறுத்தத்தில் கடல் பக்கமிருந்து மழை
சாய்ந்து அடித்தது.
நானும் விரலை வைத்துப் பார்த்தேன்.
என்னுடையது ஒன்றா, நிறையவா?
பத்தொன்பது வருட இலக்கணத்தில் எண்ணிப் பார்த்ததில்லை.
எண்ணாததையே
எண்ணமுடியாதென்று சொல்லித் திரிந்திருக்கிறேன்.

பக்கத்தில் துறைமுக மஞ்சள் கோட்டில் ஒருவர்.
"தொண்டை வலியா?" என்று
பையைத் துழாவி உள்ளங்கையை நீட்டினார்.
இருமல் மிட்டாய், பொடி ஒட்டியிருந்தது.
எடுத்தேன்.
"இன்னொன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்," என்றார்,
"அந்த பஸ் நேரத்துக்கு வராது."
எடுத்துக்கொண்டேன்.
இரண்டு.